பிறர் மெச்ச வாழ்தல்: 'தி ஃப்ரெஷ்மேன்' படமும் அதைப் பார்த்தவர்களும்

ஒரு நகைச்சுவைப் படத்தைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, அதன் முடிவு நேர்மையானதுதானா என்று நள்ளிரவுவரை வாதிட்டுக்கொண்டிருப்பது சற்று வேடிக்கையான காரியம்தான். எங்கள் குழுவில் அண்மையில் அதுவே நடந்தது. படம், ஹெரால்டு லாயிட் நடித்து 1925 செப்டம்பரில் வெளிவந்த 'தி ஃப்ரெஷ்மேன்' என்னும் அமெரிக்கப் பேசாப்படம். கல்லூரி வாழ்க்கையையும் விளையாட்டு வெறியையும் எள்ளி நகையாடும் அங்கதம். நடுவே ஒரு மென்மையான காதல். இறுதியில் ஒரு கால்பந்துப் போட்டி. பிறருடைய மெச்சுதலுக்காக ஏங்குகிறவனைப் பரிகசித்துவந்த படம், கடைசியில் அந்த மெச்சுதலையே அவனுக்குப் பரிசாகத் தந்து சறுக்கிவிட்டது என்றனர் எங்களில் சிலர். இல்லை, அந்தப் பரிசுதான் படத்தின் கடைசிப் பரிகாசம் என்றனர் மற்றவர்கள். வழக்கைத் தீர்க்க எண்ணிப் படத்தின் வரலாற்றைப் புரட்டியபோது, பார்வையாளரின் கருத்து என்பது இந்தப் படத்திற்கு வெளியே நிற்கும் பொருள் அன்று, அதன் உள்ளேயே ஊடும் பாவுமாக ஓடுவது என்று அறிந்தோம். அவ்வரலாற்றையே இங்கு எழுத முற்படுகிறோம்.

கதையை முதலில் சொல்லிவிடுவோம். ஹெரால்டு லாம் என்னும் இளைஞன் கல்லூரியில் சேரக் காத்திருக்கிறான். கல்லூரி என்றால் என்ன என்பதை அவன் கற்றது ஒரு திரைப்படத்திலிருந்து. அப்படத்தின் நாயகன் கைகுலுக்குமுன் குதித்துப் போடும் சிறு ஆட்டத்தையும் அவன் மனப்பாடம் செய்துகொள்கிறான். டேட் கல்லூரிக்கு வந்து, சந்திப்பவர் எல்லார் முன்னும் அந்த ஆட்டத்தை ஆடிக் கைநீட்டுகிறான். மூத்த மாணவர்கள் அவனை 'ஸ்பீடி' என்று அழைத்து, அவன் பணத்தில் ஐஸ்கிரீம் தின்று, முதுகுக்குப் பின்னால் சிரிக்கிறார்கள். தன்னை எல்லாரும் விரும்புவதாக அவன் நம்புகிறான். கால்பந்து அணியில் சேரப் போனபோது, மோதிப் பழகும் பொம்மை கிழிந்துபோனதால் அவனையே பொம்மையாக நிறுத்தி நாள் முழுதும் மோதித் தள்ளுகிறார்கள். அணியில் இடம் கிடைத்துவிட்டது என்று சொல்லிவிட்டு, உண்மையில் தண்ணீர் தூக்கும் வேலைக்கு வைத்துக்கொள்கிறார்கள். தங்கும் வீட்டுக்காரியின் மகள் பெக்கி மட்டுமே அவனை அவனாகப் பார்க்கிறாள்.

இங்கே கால்பந்து என்பது நாம் அறிந்த விளையாட்டு அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, எதிரணியினரை மோதிக்கொண்டு ஓடும் அமெரிக்க விளையாட்டு. 1920களில் அந்நாட்டுக் கல்லூரிகளை அது ஆட்டிவைத்த விதத்தை அறியாமல் இந்த அங்கதத்தின் கூர்மை விளங்காது. ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பெரும் அரங்கம் 1922இல் திறக்கப்பட்டது. பசடேனாவின் ரோஸ் பவுல் அரங்கமும் அதே ஆண்டில்; பெர்க்லியின் நினைவு அரங்கமும் இல்லினாயின் அரங்கமும் 1923இல். இல்லினாய் அரங்கத்தில் 1924 அக்டோபரில் மிச்சிகன் அணிக்கு எதிராக முதல் 12 நிமிடங்களில் நான்கு முறை எல்லைக்கோட்டைத் தொட்ட ரெட் கிரேஞ்ச் என்னும் மாணவர் நாடறிந்த வீரரானார். அடுத்த ஆண்டே பணத்துக்கு ஆடும் தொழில்முறை அணியில் சேர்ந்தார். கார்னகி அறக்கட்டளை நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளை ஆராய்ந்து, விளையாட்டு வீரர்களைப் பணம் கொடுத்து ஈர்க்கும் வழக்கம் எவ்வளவு பரவியிருந்தது என்று அறிக்கை வெளியிட்டது 1929இல்தான். லாயிட்டின் படம் நான்கு ஆண்டுகள் முந்திக்கொண்டது. டேட் கல்லூரியை அறிமுகப்படுத்தும் எழுத்து அட்டையே, விளையாட்டரங்கம்தான் முதற்பொருள், கல்லூரி அதற்கு வாய்த்த ஒட்டு என்ற பொருள்படக் கேலி செய்கிறது. படம் நெடுகிலும் வகுப்பறை என்று ஒன்று கண்ணில் படுவதே இல்லை.

*

படம் எடுத்த விதத்துக்கு வருவோம். பார்வையாளரின் கருத்தை லாயிட் அளவுக்குத் தெய்வவாக்காக மதித்த நடிகர் அக்காலத்தில் அரிது. எடுத்த படத்தை ஊருக்கு அஞ்சல் செய்யுமுன், ஏதேனும் ஒரு திரையரங்கில் முன்னறிவிப்பின்றி வெள்ளோட்டம் விடுவது அவர் வழக்கம். எங்கே சிரிக்கிறார்கள், எங்கே இருமுகிறார்கள், எங்கே இருக்கையில் நெளிகிறார்கள் என்று அவரும் அவருடைய நகைச்சுவை எழுத்தாளர்களும் கவனித்து, சிரிப்பு எழாத இடத்தை வெட்டுவார்கள், அல்லது மறுபடி எடுப்பார்கள். குறுஞ்சித்திர நாள்களிலிருந்தே அவர் கைக்கொண்ட முறை இது.

'தி ஃப்ரெஷ்மேன்' படத்தின் புகழ்பெற்ற நடன விருந்துக் காட்சி இம்முறைக்கு நேர்ச்சான்று. விருந்தை நடத்தும் ஹெரால்டின் புதிய உடுப்பு தைத்து முடியவில்லை; ஓட்டுத் தையல் மட்டுமே போட்டிருக்கிறது. அடிக்கடி மயக்கம் போட்டு விழும் தையற்காரர் ஊசிநூலுடன் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்து நின்று, பிரியும் இடங்களை இழுத்துப் பிடித்துத் தைக்கிறார். கை கழல்கிறது, முதுகு பிளக்கிறது. கால்சட்டை மட்டும் நிலைத்து நின்றது. முதலில் எடுத்தபோது அப்படித்தான் இருந்ததாக லாயிட் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். கால்சட்டை அவிழ்வது மேடைக் கோமாளிகளின் பழைய சரக்கு, அதைத் தொட வேண்டாம் என்பது அவர் எண்ணம். வெள்ளோட்டத்தில் மக்கள் சிரித்தார்கள்; ஆயினும் ஏதோ ஒன்றுக்காகக் காத்திருந்து ஏமாந்ததுபோல் இருந்தது. அவர் தம் தன்மானத்தை மடித்து வைத்துவிட்டுத் திரும்பப் போய்க் கால்சட்டையையும் இழக்கும்படி காட்சியை மறுபடி எடுத்தார். சிரிப்பு வந்தது.

இதை எண்ணும்தோறும் எங்களுக்கு வியப்பு அடங்கவில்லை. ஊரார் சிரிக்க வேண்டும் என்பதற்காக எதையும் செய்யத் துணிந்த ஒருவனைப் பற்றிய கதை இது. அக்கதையைச் சொல்பவரோ ஊரார் சிரிக்க வேண்டும் என்பதற்காகத் தம் கால்சட்டையை அவிழ்த்தவர். ஹெரால்டு லாமும் ஹெரால்டு லாயிட்டும் பெயரில் மட்டும் நெருங்கியவர்கள் அல்லர்.

இன்னொரு செய்தியும் உண்டு. 'சேஃப்டி லாஸ்ட்' (1923) படத்தில் உயரக் கட்டடம் ஏறும் உச்சக்காட்சியை முதலில் எடுத்துவிட்டு, மீதிக் கதையைப் பின்னால் அமைத்தார்கள். அந்த வெற்றியை நம்பி இப்படத்திலும் இறுதிப் போட்டியை முதலில் எடுக்க ரோஸ் பவுலுக்குப் போனார்கள். சில நாள் முயன்றும் ஒன்றும் கூடிவரவில்லை. கட்டடத்தில் தொங்குகிறவன் யாராக இருந்தாலும் நமக்கு நெஞ்சு படபடக்கும். பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறவன் யார், அவன் ஏன் ஓடியாக வேண்டும் என்று தெரியாவிட்டால் ஓட்டம் வெறும் ஓட்டமே. எனவே கைவிட்டுத் திரும்பி, கதையை முதலிலிருந்து வரிசையாகவே எடுத்தார்கள். அவமானம் முழுவதையும் பட்டு முடித்த பிறகே அவனுக்கு ஆட வந்தது என்று சொன்னால் மிகையாகாது.

அந்தப் போட்டியில் நாம் காணும் கூட்டமும் பொய்க்கூட்டம் அன்று. 1924 நவம்பர் 22இல் பெர்க்லி அரங்கில் கலிபோர்னியா, ஸ்டான்ஃபோர்டு அணிகள் மோதின. ஆட்டம் 20-20 என்று சமனில் முடிந்தது. அதன் இடைவேளையில் லாயிட்டின் படக்குழு களத்தில் இறங்கி, நிறைந்து வழிந்த அரங்கின் பின்னணியில் தன் காட்சிகளை எடுத்துக்கொண்டது. தங்கள் அணிகளைக் காண வந்தவர்கள், இல்லாத ஒரு கல்லூரியின் இல்லாத ஒரு வீரனைக் கண்டுகளித்த கூட்டமாகத் திரையில் நிலைபெற்றார்கள். வெள்ளோட்டத்தில் படத்தைத் திருத்தியவர்களும் பார்வையாளர்கள். படத்துக்குள் ஆர்ப்பரித்தவர்களும் பார்வையாளர்கள்.

*

படம் பெருவெற்றி பெற்றது. லாயிட்டின் பேசாப்படங்களில் மிகுதியாக வசூலித்தது இதுவே என்பர். வெற்றியின் நிழலில் வழக்கும் வந்தது. எச். சி. விட்வர் என்னும் எழுத்தாளர், 1915இல் இதழொன்றில் தாம் வெளியிட்ட சிறுகதையிலிருந்து இக்கதை எடுக்கப்பட்டதாக வழக்குத் தொடுத்தார். வழக்கு முடியுமுன் 1929இல் அவர் இறந்தார். மனைவி தொடர்ந்து நடத்தினார். கீழ்மன்றம் 1930இல் விட்வர் தரப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1933இல் மேல்முறையீட்டு மன்றம் அதைப் புரட்டியது. அத்தீர்ப்பில் ஓரிடம் எங்களை நிறுத்தி வைத்தது. சிறுகதையை அண்மையில் படித்த ஒரு சாதாரண மனிதர் படத்தைப் பார்க்கும்போது, பிறர் எடுத்துக்காட்டாமல், ஆராய்ச்சி ஏதும் இல்லாமல், இது அதுவே என்று தாமாக உணர வேண்டும். அதுவே திருட்டுக்கு அளவுகோல் என்ற கருத்தில் மன்றம் எழுதியது. பிற்காலக் காப்புரிமை வழக்குகளிலும் இக்கருத்து மேற்கோளாக எடுத்தாளப்பட்டது. வெள்ளோட்ட அரங்கில் தீர்ப்பு வழங்கிய அதே சாதாரணப் பார்வையாளரிடம்தான் நீதிமன்றமும் கடைசியில் போய் நின்றது.

பார்த்தவர்களில் இருவர் சாதாரணர் அல்லர். தம் கருத்தைப் படமாகவே எடுத்துச் சொன்னார்கள். முதலாமவர் பஸ்டர் கீட்டன். 1927இல் வெளிவந்த அவருடைய 'காலேஜ்', லாயிட்டின் வெற்றி தெளித்த தடத்திலேயே நடக்கிறது. விளையாட்டு வராத மாணவன், காதலிக்காக விளையாடப் புகுந்து எல்லாவற்றிலும் தோற்கிறான். இறுதியில் அவளை மீட்க ஓடும்போது எல்லாம் கைகூடுகிறது. ஆனால் கீட்டன் அங்கே நிறுத்தவில்லை. திருமணம், குழந்தைகள், முதுமையின் சிடுசிடுப்பு, அருகருகே இரண்டு கல்லறைகள் என்று சில நொடிகளில் காட்டி முடித்துவிடுகிறார். கூட்டம் கைதட்டும் முன்பே அவர் விளக்கை அணைத்துவிடுகிறார்.

இரண்டாமவர் பிரெஸ்டன் ஸ்டர்ஜஸ். 1947இல் அவர் எழுதி இயக்கிய 'தி சின் ஆஃப் ஹெரால்டு டிடில்பாக்' படம், 'தி ஃப்ரெஷ்மேன்' படத்தின் அதே இறுதிப் போட்டிக் காட்சிகளோடு தொடங்குகிறது. வெற்றி வீரனைக் கண்டு மகிழ்ந்த ஒரு முதலாளி அவனுக்கு வேலை தருகிறார். அடுத்து நாம் காண்பது, இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதே மேசையில் கணக்கெழுதி, வேலையிலிருந்து நீக்கப்படும் நடுவயதுக்காரனை. நடித்தவர் அதே லாயிட். அன்று ஆர்ப்பரித்த கூட்டம் எங்கே போயிற்று என்ற கேள்வியை ஸ்டர்ஜஸ் கேட்டார். விடை கேட்கத்தான் ஆளில்லை, படம் தோற்றது. தயாரிப்பாளர் ஹோவர்டு ஹியூஸ் அதை வெட்டி, 1950இல் வேறு பெயரில் வெளியிட்டும் பயனில்லை. லாயிட் நடித்த கடைசிப் படம் அதுவே. ஊரார் சொல்லைக் கேட்டு வாழ்ந்தவரை ஊரார் மறந்தே அனுப்பிவைத்தார்கள்.

முற்றும் மறந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1949இல் ஜேம்ஸ் ஏஜி என்னும் விமர்சகர் பேசாப்பட நகைச்சுவையைப் பற்றி எழுதிய பெயர்பெற்ற கட்டுரையில் சாப்ளின், கீட்டன், லாங்டன் ஆகியோருடன் லாயிட்டையும் ஒருவராக நிறுத்தினார். 1990இல் 'தி ஃப்ரெஷ்மேன்' அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. 2021இல் அந்நாட்டில் அதன் காப்புரிமை முடிந்து பொதுச்சொத்தாயிற்று. இன்று யாரும் பார்க்கலாம். யாரும் கருத்துச் சொல்லலாம்.

*

இனி எங்கள் வழக்கு. நடன விருந்தில், பெக்கியிடம் முறைகேடாக நடந்த ஒருவனை ஹெரால்டு அடித்து வீழ்த்துகிறான். ஊரே உன்னைப் பார்த்துச் சிரிக்கிறது என்ற உண்மையை அவன் ஆத்திரத்தில் போட்டு உடைக்கிறான். சிரித்து மழுப்பப் பார்த்து, முடியாமல், பெக்கியின் மடியில் தலைபுதைத்து ஹெரால்டு அழுகிறான். நீ நீயாக இரு என்பதே அவள் சொல்லும் அறிவுரை. அதைக் கேட்டபின் அவன் செய்ய வேண்டியது கூட்டத்தைத் துறந்து போவதன்றோ என்பது முதல் தரப்பின் வாதம். அவனோ, இன்னும் பெரிய கூட்டத்தின் முன் தன்னை நிரூபிக்கப் போகிறான். ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக அடிபட்டு விழுந்து, பதிலாள் இல்லாத நிலையில் பயிற்சியாளர் வேறு வழியின்றி அவனை இறக்குகிறார், அவன் வென்றுவிடுகிறான்.

மறு தரப்பு சுட்டியது வெற்றிக்குப் பின் வரும் காட்சியை. கல்லூரி முழுதும் இப்போது அவனுடைய அந்தச் சிறு ஆட்டத்தை ஆடிக் கைகுலுக்குகிறது. முறைத்துக்கொண்டே இருந்த பயிற்சியாளரும் யாரும் பார்க்காதபோது ஆடிப் பார்க்கிறார். அந்த ஆட்டமோ அவனுடையதன்று. ஒரு திரைப்படத்தைப் பார்த்து அவன் கடன் வாங்கியது. நகலின் நகலைக் கூட்டம் வணங்குகிறது. நேற்று எள்ளியவர்களுக்கும் இன்று ஏத்துகிறவர்களுக்கும் அவனைப் பற்றி ஒன்றும் தெரியாது. இதைவிடக் கூரிய பரிகாசம் வேறென்ன வேண்டும்?

இரண்டு தரப்பும் ஒரு காட்சியை மறந்துவிட்டோம் என்று, படத்தை மறுமுறை போட்டபோதுதான் கண்டோம். படம் ஆர்ப்பரிக்கும் கூட்டத்தோடு முடியவில்லை. அரங்கத்தின் குளியலறையில் ஹெரால்டு தனியே நிற்கிறான். பெக்கி எழுதியனுப்பிய ஒரு துண்டுச் சீட்டு அவன் கையில் இருக்கிறது. அவள் அவனைக் காதலிக்கிறாள் என்பது சேதி. மெய்மறந்து சாய்ந்ததில் குழாய் திறந்துகொண்டு, உடுத்த உடையோடு தலையிலிருந்து நீர் கொட்டுகிறது. அது அவனுக்குத் தெரியவே இல்லை.

அரங்கம் நிறைந்த கூட்டத்தின் கருத்துக்காக ஓடியவன், ஒரே ஒருத்தியின் கருத்தைப் படித்துக்கொண்டு நனைகிறான். அவளோ போட்டிக்கு முன்பே அந்தக் கருத்துடையவள். லாயிட் கூட்டத்துக்கும் பரிசளித்தார். கூட்டத்தைக் கேலியும் செய்தார். பிறகு இரண்டையும் வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டார். எழுதுகிறவர்களாகிய நாமும் யாரோ மெச்சுவார்கள் என்று எண்ணியே பாதி வரிகளை எழுதுகிறோம். அந்தச் சீட்டை எழுதக்கூடிய ஒரு வாசகர் எங்கோ இருப்பார் என்ற நம்பிக்கையில் மீதிப் பாதியை எழுதுகிறோம். எங்கள் வழக்கு இத்துடன் முடிந்தது என்று சொல்ல மாட்டோம். ஆனால் அன்றிரவு அதற்குமேல் யாரும் வாதிடவில்லை.