ஹைட்ரஜனை நகர்த்தக் கூடாது: ஓர் அமிலப் படத்தின் வரலாறு

பிரதிக்கு அர்த்தம் ஒன்றா, பலவா என்கிற சண்டையை நாம் நிறையப் போட்டாகிவிட்டது. 'ஒன்றுதான்' என்றவர்கள் அதிகாரத்தின் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். 'பல' என்றவர்களில் சிலர், எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்கிற இடத்தில் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டார்கள். இதே சண்டை வேதியியலிலும் மூலக்கூறுகளின் படங்களை முன்வைத்து நடந்திருக்கிறது. ஓர் அரசே அதில் தலையிட்டிருக்கிறது. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். நண்பர் ஒருவரின் மகளுடைய பதினொன்றாம் வகுப்பு நோட்டுதான் காரணம்.

பாஸ்பாரிக் அமிலம் ஒரு புரோட்டானை இழந்த பின் மிஞ்சும் அயனிக்கு அவள் மூன்று படங்கள் போட்டிருந்தாள். நடுவில் பாஸ்பரஸ், சுற்றி நான்கு ஆக்ஸிஜன், அவற்றில் இரண்டின் மேல் ஹைட்ரஜன். மீதி இரண்டில் ஒன்றுக்கு இரட்டைப் பிணைப்பு, மற்றதற்கு எதிர்மின்சுமை. இரண்டாவது படத்தில் இந்த இரட்டைப் பிணைப்பும் மின்சுமையும் இடம் மாறியிருந்தன. மூன்றாவதில் ஒரு ஹைட்ரஜனையே வேறு ஆக்ஸிஜனுக்கு மாற்றியிருந்தாள். ஆசிரியர் மூன்றாவதை மட்டும் அடித்துவிட்டார். "எலக்ட்ரானை நகர்த்தலாமாம், ஹைட்ரஜனை நகர்த்தக் கூடாதாம். ரெண்டுமே பேப்பர்லதானே மாமா நகருது?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் போனேன்.

இந்த அமிலத்தின் கதை எலக்ட்ரானுக்கு முந்தையது. 1833இல் தாமஸ் கிரஹாம் பாஸ்பாரிக் அமிலத்தின் வெவ்வேறு வடிவங்களை ஆராய்ந்து, அவற்றின் வேறுபாடு அமிலத்தோடு சேர்ந்துள்ள நீரின் அளவில் இருப்பதையும், அந்த நீரின் இடத்தைக் காரம் படிப்படியாகப் பிடித்துக்கொள்வதையும் காட்டினார். 1838இல் லீபிக் இதைச் சிட்ரிக் அமிலம் போன்ற கரிம அமிலங்களுக்கு விரித்தார். பல காரத்துவ அமிலம் என்ற கருத்து இப்படித்தான் நிலைபெற்றது. அன்று அமிலம் என்பது எடை, விகிதம், உப்பு மட்டுமே. அதற்குப் படம் கிடையாது.

1916இல் கில்பர்ட் லூயிஸ் பிணைப்பு என்பது இரண்டு அணுக்கள் பகிரும் எலக்ட்ரான் ஜோடி என்றார். வேதியியலுக்கு ஒரு புதிய எழுத்துமுறை கிடைத்தது. கூடவே ஒரு சிக்கலும் வந்தது. கார்பானிக் அமிலம் இரண்டு புரோட்டான்களையும் இழந்தால் கார்பனேட் அயனி மிஞ்சுகிறது. இந்த எழுத்துமுறையில் அதன் மூன்று ஆக்ஸிஜன்களில் ஒன்றுக்கு மட்டும் இரட்டைப் பிணைப்பு போட்டாக வேண்டும். அளந்து பார்த்தால் மூன்று பிணைப்புகளும் ஒரே நீளம். எந்த ஒரு படமும் பொய் சொல்கிறது. 1930களில் லைனஸ் பாலிங்கும், வேறு வழியில் இங்கோல்டும், மூன்றையும் சேர்த்துப் போடச் சொன்னார்கள். நடுவில் இருமுனை அம்புக்குறி. உண்மையான அயனி மூன்றில் எதுவுமில்லை, மூன்றின் கலப்பு. மின்சுமை ஓர் ஆக்ஸிஜனுக்கு மூன்றில் இரண்டு பங்கு.

பாலிங் இதற்கு வைத்த பெயரில் அதிர்வின் நிழல் இருக்கிறது. நம் பாடநூல்களின் 'உடனிசைவு' என்ற சொல்லிலும் அப்படித்தான். ஏதோ ஒன்று இங்கும் அங்கும் ஆடுவதாகத் தோன்றும். ஆடுவதில்லை. ஈழத்துப் பாடநூல்கள் 'பரிவு' என்கின்றன. அதில் ஆட்டம் கொஞ்சம் குறைவு.

நோட்டில் அடிபட்ட படத்துக்கு விடை இங்கேதான் இருக்கிறது. புரோட்டான் என்பது ஓர் அணுக்கரு. அது ஓர் ஆக்ஸிஜனிலிருந்து இன்னொன்றுக்குப் போவது நிஜமாகவே நடக்கும் சம்பவம். அதற்கு நேரம் பிடிக்கும், ஆற்றல் வேண்டும். நீரில் அது ஓயாமல் நடக்கிறது. அதற்கு வேறு குறி, எதிரெதிராகச் செல்லும் இரண்டு அம்புகள். எலக்ட்ரான்களின் இட மாற்றமோ சம்பவமே இல்லை. நாம் எழுதும் விதத்தில் வரும் மாற்றம். கருக்கள் இருந்த இடத்தில் இருக்க, எலக்ட்ரான்களை மட்டும் மாற்றி எழுதலாம் என்பதே விதி. பல படங்கள் உண்டு. எல்லாப் படங்களும் செல்லாது.

'பல படங்கள்' என்பதே குற்றமான இடமும் உண்டு. 1949இல் சோவியத் தத்துவ இதழ் ஒன்று இக்கோட்பாட்டைக் கருத்துமுதல்வாதம் எனத் தாக்கியது. 1951 ஜூனில் மாஸ்கோவில் கூடிய மாநாடு அதைக் கண்டித்தது. ஒரு பொருளுக்கு ஒரே அமைப்பு வாய்பாடு என்று 1861இலேயே சொன்ன புத்லேரவ் எதிர்நிறுத்தப்பட்டார். பாலிங்கின் நூலை ருஷ்ய மொழிக்குக் கொண்டுவந்த சிர்கினும் த்யாட்கினாவும் தங்கள் 'தவறுகளை' ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. இன்னொரு பக்கம், 1952இல் அமெரிக்க அரசு கம்யூனிஸ்ட் சந்தேகத்தின் பேரில் அதே பாலிங்குக்குப் பாஸ்போர்ட் மறுத்தது. இரண்டு வல்லரசுகளுக்கும் ஒரே ஆள் ஆகவில்லை!

மாஸ்கோ கேட்ட கேள்வி முழு அபத்தமல்ல. இல்லாத படங்களை எப்படிக் காரணமாகச் சொல்வது? பாஸ்பாரிக் அமிலமே இதைக் கேட்கிறது. முதல் புரோட்டான் போனால் இரண்டு படங்கள், அடுத்ததற்கு மூன்று, கடைசிக்கு நான்கு. படம் கூடக்கூடப் புரோட்டான் சுலபமாகக் கழல வேண்டும். அமில வலிமையைக் குறிக்கும் எண்களோ ஏறத்தாழ 2.1, 7.2, 12.3, எண் ஏறினால் புரோட்டான் கழல்வது கஷ்டம். ஏற்கெனவே எதிர்மின்சுமை உள்ள அயனியிலிருந்து நேர்மின் துகளைப் பிரிப்பது எளிதல்ல. படங்களை எண்ணினால் போதாது.

இன்னும் ஒன்று. பாஸ்பரஸுக்கு அந்த இரட்டைப் பிணைப்பே அவசியமில்லை. லூயிஸ் 1916இல் நான்கு ஒற்றைப் பிணைப்புகளோடுதான் எழுதினார். பிந்தைய பாடநூல்கள் டி-ஆர்பிட்டாலைச் சொல்லி இரட்டைப் பிணைப்பைக் கொண்டுவந்தன. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதிக் கணக்கீடுகள் டி-ஆர்பிட்டாலின் பங்கு மிகச் சிறிது என்று காட்டின. லூயிஸின்படி எழுதினால் பாஸ்பேட்டின் நான்கு ஆக்ஸிஜன்களும் ஒரே படத்தில் சமமாகிவிடுகின்றன. நான்கு படங்கள் தேவையில்லை. கார்பனேட்டுக்கோ மூன்று படங்களிலிருந்து இன்றும் விடுதலை கிடையாது.

அப்படியானால் பன்மை எங்கே இருக்கிறது? பொருளில் இல்லை, நம் எழுத்துமுறையில் இருக்கிறது. எழுத்தின் போதாமையைப் பொருளின் மர்மமாக்கிக் கொண்டாடுவது ஒரு மோசடி. போதாமையே இல்லை என்று ஒற்றைப் படத்தைச் சட்டமாக்குவது இன்னொன்று. வாசிப்பிலும் நகர்த்தக்கூடியவை உண்டு, நகர்த்தக் கூடாதவை உண்டு. யார் எழுதியது, எப்போது, யாருடைய செலவில், அதில் யார் அடிபட்டார்கள் என்பவை பிரதியின் கருக்கள். அவற்றை நகர்த்திவிட்டு 'இதுவும் ஒரு வாசிப்பு' என்றால், அது வேறொரு பிரதி.

அவளிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "நீ போட்ட மூணாவது படம் பொய்யில்ல, அது வேற கதை. அதுக்கு வேற அம்பு போடணும்" என்று மட்டும் சொன்னேன்.