இயந்திர விபத்து வழக்குகளில் வேலையளிப்பவரின் எதிர்வாதம்

பணியிடத்து இயந்திரத்தால் காயமுற்ற தொழிலாளி இழப்பீடு கோரும்போது, அதற்கான பொறுப்பு தன்னைச் சாராது என்று காட்ட நிறுவனம் சட்டப்படி முன்வைக்கும் மறுப்பு எதிர்வாதம் எனப்படும். இங்கிலாந்தில் 1837இல் முடிந்த பிரீஸ்ட்லி எதிர் ஃபவுலர் வழக்கிலிருந்து வளர்ந்த, உடன் வேலை செய்பவரின் தவற்றுக்கு முதலாளி பொறுப்பாகார் என்னும் கோட்பாடு நெடுங்காலம் முதலாளிகளுக்கு அரணாக இருந்தது. இந்தியாவில் 1938ஆம் ஆண்டு வேலையளிப்போர் பொறுப்புச் சட்டம் அதனை நீக்கியது.

அதற்கு முன்பே, 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், விபத்து வேலையின் காரணமாக, வேலையின்போது நேர்ந்திருந்தால் போதும் என்று வகுத்துவிட்டதால், தொழிலாளியின் அசட்டையே காரணம் என்னும் வாதம், எதிருரைகளில் தவறாமல் இடம்பெற்றாலும், பெரும்பாலும் எடுபடுவதில்லை. குடிபோதை, பாதுகாப்புக்காக வெளிப்படையாக இட்ட கட்டளையை வேண்டுமென்றே மீறுதல், காப்பு மூடியை வேண்டுமென்றே கழற்றுதல் ஆகியவையே தொழிலாளியின் நடத்தை சார்ந்த விலக்குகள். மரணமோ நிரந்தர முழு ஊனமோ நேர்ந்தால் இவையும் உதவா. அந்தியூர் வட்டாரத்து விசைத்தறிக் கூடமொன்றில் பற்சக்கரத்தின் மூடியைத் தொழிலாளியே கழற்றினார் என்று உரிமையாளர் சொன்னால், மூடி முன்பு பொருத்தப்பட்டிருந்ததையும், அது பாதுகாப்புக்கானது என்பது தொழிலாளிக்குத் தெரிந்திருந்ததையும் உரிமையாளரே மெய்ப்பிக்க வேண்டும். விபத்துக்குப் பின் எழுதிய பதிவேட்டுக்கு இங்கே பெரிதாக மதிப்பில்லை.

உண்மையில் வலிமையானது, வழக்கு தவறான ஆள்மீது தொடுக்கப்பட்டது என்னும் மறுப்பே. கொங்குப் பகுதியில் வியாபாரி பாவும் ஊடுநூலும் கொடுத்துக் கூலிக்கு நெய்து வாங்குவது வழக்கமாதலால், தறிக்கூடத்தில் கையிழந்தவர் வசதியுள்ள வியாபாரியையும் வழக்கில் சேர்க்கக்கூடும். ஒப்பந்ததாரரின் ஆளுக்கும் முதன்மை வேலையளிப்பவரைப் பொறுப்பாக்கிய, 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, அவருடைய கட்டுப்பாட்டில் இல்லாத இடத்தில் நேர்ந்த விபத்தை விலக்கியதால், கூடம் யாருடைய நிர்வாகத்தில் இருந்தது என்பதே முடிவைத் தீர்மானித்தது.

தொழிலாளி இ.எஸ்.ஐ. காப்பீடு பெற்றவராயின், 1948ஆம் ஆண்டு ஊழியர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தின் 53ஆம் பிரிவு வேலையளிப்பவரிடம் தனி இழப்பீடு கோருவதைத் தடுத்தது. இழப்பீட்டுச் சட்டப்படியான கோரிக்கைக்கு அது பொருந்தும் என 1996இலும், உரிமையியல் நீதிமன்ற நட்டஈட்டு வழக்குக்கும் பொருந்தும் என வெஸ்டர்ன் இந்தியா பிளைவுட் வழக்கில் 1997இலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1923, 1948ஆம் ஆண்டுச் சட்டங்களுக்கு மாற்றாக 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தாலும், மேற்கூறிய மூன்று விலக்குகளும் அதிலும் தொடர்கின்றன.

1923ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வேலையளிப்பவர் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய, விதிக்கப்பட்ட தொகையை முன்னதாகவே செலுத்துவதுடன், முக்கியமான சட்டக் கேள்வி ஒன்றையும் எழுப்ப வேண்டியிருந்தமையால், கோரிக்கையை முதலில் விசாரித்த இழப்பீட்டு ஆணையர்முன் சாட்சியம் வைக்கத் தவறிய நிறுவனம் அக்குறையைப் பின்னர் நிரப்புவது அரிதாயிற்று.