காலவருக்கு 360 பெண்கள்

சேலையூரில் ஒரு வீட்டுப் பெண்ணுக்கோ பிள்ளைக்கோ வயது ஏறியும் வரன் தகையவில்லை என்றால், "திருவிடந்தைக்குப் போய் மாலை சாத்தியாச்சா?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். கேம்ப் ரோட்டில் கிளம்பி மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாக ஈ.சி.ஆரைப் பிடித்துத் தெற்கே போனால், கோவளத்தை அடுத்து வரும் ஊர். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. திருமங்கையாழ்வார் பாடிய தலம். மூலவர் ஆதிவராகர், உற்சவர் நித்ய கல்யாணப் பெருமாள். என்னை அங்கே இழுத்துப்போனவர் அத்தை. கைப்பையில் என் ஜாதகம் எப்போதும் நாலு நகல் இருக்கும்.

தலபுராணம் இது. குனி முனிவரின் மகள் தவம் முடித்து மேலுலகம் கிளம்பினாள். கல்யாணம் ஆகாதவளுக்கு அங்கே இடமில்லை என்று நாரதர் தடுத்துவிட்டார். (நாரதரின் மனைவி யார் என்று அவள் திருப்பிக் கேட்டிருக்கலாம்.) மகாபாரதத்தின் சல்லிய பர்வத்திலும் இவள் வருகிறாள். அங்கே அவளைக் கட்டிக்கொள்பவன் காலவ முனிவரின் மகன் சிருங்கவான். அதுவும் ஒரே ஒரு ராத்திரிக்கு. விடிந்ததும் அவள் சொர்க்கம் போய்விடுகிறாள், கதை முடிந்தது. திருவிடந்தைக்காரர்கள் அதை முடிய விடவில்லை. மகனை ஒதுக்கிவிட்டுக் காலவரையே மாப்பிள்ளை ஆக்கி, அவருக்கு 360 பெண் குழந்தைகளையும் கொடுத்துவிட்டார்கள்.

ஏன் காலவர்? எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. மகாபாரதத்தின் உத்தியோக பர்வத்தில் வரும் காலவர், குரு விசுவாமித்திரருக்குத் தட்சிணையாக எண்ணூறு வெள்ளைக் குதிரைகளைத் தேடி அலைகிறார். ஒவ்வொன்றுக்கும் ஒரு காது மட்டும் கறுப்பாக இருக்க வேண்டும். உதவி கேட்டுப் போன யயாதி ராஜாவிடம் குதிரை இல்லை, மகள் மாதவி இருந்தாள். அவளை மூன்று ராஜாக்களிடம் அடுத்தடுத்து ஒப்படைத்து, ஆளுக்கு இருநூறு குதிரை, ஆளுக்கொரு பிள்ளை என்று பேரம் முடித்தார் காலவர். மிச்சம் இருநூறு எங்கும் கிடைக்காததால் மாதவியைக் குருவிடமே விட்டார். பிற்பாடு அப்பா சுயம்வரம் வைத்தபோது, வந்த ராஜாக்களை விட்டுவிட்டு அவள் காட்டுக்குப் போய்விட்டாள். அடுத்தவன் பெண்ணை வைத்துத் தரகு பண்ணியவர் தலையில் 360 பெண்களைக் கட்டியவர், பாரதத்தை நன்றாகப் படித்த குறும்புக்காரராகத்தான் இருக்க வேண்டும்.

பெண்களுக்கு வரன் கேட்டுக் காலவர் வராகரை வேண்டினார். அழகான பிரம்மச்சாரி ஒருவன் தீர்த்த யாத்திரையாக வந்தான். தினம் ஒருத்தி என்று ஒப்புக்கொண்டான். வருஷம் முழுக்கப் பந்தல் பிரிக்காத வீடு. தினமும் விடிந்தால் கன்னிகாதானம். சம்பந்தி வீட்டார் என்று யாரும் வராததால்தான் அந்த மனிதர் பிழைத்திருப்பார். கடைசி நாள் எல்லாரையும் ஒருத்தியாக்கி இடப்பக்கம் அமர்த்திக்கொண்டு வராகராகக் காட்சி கொடுத்தாராம். பன்றி முகத்து மாப்பிள்ளையைப் பற்றி மாமனார் வாயைத் திறந்ததாகப் புராணத்தில் இல்லை.

வழக்கம் எளிது. இரண்டு மாலை வாங்கிப் போக வேண்டும். அர்ச்சனை முடிந்ததும் ஒன்றை நம் கழுத்தில் போடுவார்கள். அதோடு ஒன்பது சுற்று. கதம்பத்தின் ஈரம் ரவிக்கையில் இறங்கி, நாலாவது சுற்றில் பிடரி அரிக்கத் தொடங்கும். மாலையை வீட்டில் பத்திரமாக வைத்து, கல்யாணத்துக்குப் பிறகு ஜோடியாக வந்து சருகாகவே திருப்பித் தர வேண்டும்.

நான் சுற்றிக்கொண்டிருந்தபோது அத்தை சும்மா நிற்கவில்லை. மாலையோடு சுற்றிய பையன் ஒருவனின் அம்மாவைப் பிடித்துவிட்டார். நட்சத்திரம் பொருந்தியது, சம்பளம் பொருந்தியது. ஒன்பதாவது சுற்று முடிந்து வந்தபோதுதான் கோத்திரத்துக்கு வந்திருந்தார்கள். இரண்டு வீடும் ஒரே கோத்திரம்.