காற்றுப் பட்டால் நீலமாகும் கல்



இரும்பு ஈரத்தில் கிடந்தால் துருப்பிடித்துச் சிவக்கும் என்பதை நாம் அறிவோம். அதே இரும்பு மண்ணுக்கடியில் வேறொரு பொருளோடு சேர்ந்து நீலக் கல்லாவதும் உண்டு. அக்கல்லின் பெயர் விவியனைட். அதன் வரலாற்றை இன்று பார்ப்போம்.

விவியனைட் என்பது இரும்பும் பாஸ்பேட்டும் நீரும் சேர்ந்த ஒரு கனிமம். அதன் எடையில் மூன்றில் ஒரு பங்கு இரும்பு. கால் பங்குக்குச் சற்று அதிகமாகவே நீர். கல் என்று சொன்னாலும் மிக மென்மையானது. நகத்தால் கீறினால் கோடு விழும்.

பாஸ்பேட்டு நமக்குப் புதிதன்று. நம் எலும்பிலும் பல்லிலும் அது இருக்கிறது. தோட்டத்தில் மரங்களுக்குப் போடும் உரத்திலும் இருக்கிறது. இரும்புக்கும் பாஸ்பேட்டுக்கும் ஒட்டுதல் அதிகம். இரும்புச் சத்து மிகுந்த நம் செம்மண்ணில் உரத்தைப் போட்டால், அதிலுள்ள பாஸ்பேட்டில் பெரும்பகுதியை மண்ணே இறுகப் பிடித்துக்கொள்கிறது. வேருக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். காற்றுப் புகாத சேற்றிலும் சதுப்பு நிலத்திலும் ஏரியின் அடியிலும் இவ்விரண்டும் சேரும்போது விவியனைட் உருவாகிறது. புதைந்து கிடக்கும் பழைய எலும்புகளின் மீதும் இது படிவதுண்டு. பெரும்பாலும் மண் போலத்தான் கிடைக்கும். அழகிய பெரிய படிகங்கள் அரிது. ஆனால் ஆப்பிரிக்காவில், கேமரூன் நாட்டு அன்லூவா என்னும் இடத்தில், ஒரு மீட்டருக்கும் நீளமான படிகங்கள் கிடைத்துள்ளன.

இதில் ஒரு விந்தையும் உண்டு. மண்ணிலிருந்து எடுத்தவுடன் இக்கல் கண்ணாடிபோல நிறமற்று, அல்லது இளம்பச்சையாக இருக்கும். காற்றும் வெளிச்சமும் பட்டபின் நீலமாகும். நாளடைவில் கருத்தும் போகும். அதிலுள்ள இரும்பில் ஒரு பகுதி உயிர்வளியால் மாற்றம் அடைவதே இதற்குக் காரணம்.

விஞ்ஞானிகள் பெயர் வைப்பதற்கு முன்பே மக்கள் இதைப் பயன்படுத்தினார்கள். டச்சு ஓவியர் வெர்மீர் 1656-ஆம் ஆண்டு வரைந்த ஓர் ஓவியத்தில், கம்பளத்தின் நீலத்துக்கு இதைச் சேர்த்திருக்கிறார். பெயர் கிடைத்ததோ 1817-இல்தான். இங்கிலாந்தின் தென்மேற்கே கார்ன்வால் என்றொரு மாவட்டம் இருக்கிறது. வெள்ளீயத்துக்கும் செம்புக்கும் பேர்போன இடம். அங்கே செயின்ட் ஆக்னஸ் என்னும் ஊரில் கிடைத்த கல்லுக்கு, ஜெர்மனியின் கனிமவியல் அறிஞர் வெர்னர், ஜான் ஹென்றி விவியன் என்பவரின் பெயரைச் சூட்டினார். விவியன் செம்பு உருக்கும் தொழிலில் செல்வாக்குப் பெற்ற குடும்பத்தவர்; கனிமங்களைக் கற்றவர்; 1832 முதல் 1855-இல் மறையும் வரை ஸ்வான்சி நகரின் பாராளுமன்ற உறுப்பினர்.

அவர் கற்றவர், பெயர் வைத்தது தவறன்று. ஆயினும் அந்தக் காலத்துக் கார்ன்வால் சுரங்கங்களில் உழைத்தவர்களையும் நாம் நினைக்க வேண்டாமா? ஆண்கள் தொப்பியில் களிமண்ணை அப்பி, அதில் மெழுகுவர்த்தியைச் செருகிக்கொண்டு இருட்டுக்குள் இறங்கினார்கள். பெண்களும் சிறுமிகளும் தலையில் துணி அணிந்து, மேலே நின்று சுத்தியலால் தாதுக் கற்களை உடைத்தார்கள். 1842-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்களும் சுரங்கத்துக்குள் இறங்கக் கூடாது என்றது. மேலே கல் உடைக்கும் வேலை மட்டும் தொடர்ந்தது. அவர்களில் ஒருவர் பெயரும் இந்தக் கல்லுக்கு இல்லை.

பெற்றோர்களே, இதைக் கேட்கும்போது நம் வீட்டுப் பெரியவர்களின் நினைவு வருகிறதல்லவா? காட்டை அழித்துப் பால்மரம் நட்டவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. இன்று இரவே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். தாத்தா பெயர், பாட்டி பெயர், அவர்கள் பிறந்த ஊர், வேலை செய்த தோட்டம் ஆகியவற்றைச் சொல்லுங்கள்; பிள்ளைகள் எழுதட்டும். மண்ணுக்குள் கிடக்கும் வரை நிறம் தெரியாத கல்லும், வெளியே வந்தால் நீலமாகிறது. நம்மவர் பெயர்களையும் நாம்தான் வெளியே கொண்டுவர வேண்டும்.