மீனுக்குக் கீரை கொடுத்த வரலாறு



மீன் என்றால் புழுவும் பூச்சியும் தின்னும் என்பதே மாணவர் பலரின் எண்ணம். வகுப்பறைக் கண்ணாடித் தொட்டியில் வெள்ளரித் துண்டொன்றை இறக்கினால், "டீச்சர், மீன் காய்கறி தின்னுமா?" என்று வியந்து கேட்கின்றனர். அவ்வினாவிற்கான விடை ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உடையது.

சீனாவில் தாங் அரச மரபின் காலம் (618-907) தொட்டே பல வகைக் கெண்டைகளை ஒரே குளத்தில் சேர்த்து வளர்க்கும் முறை பரவியது என்பர். அவற்றுள் புல் கெண்டை முழுமையான இலையுண்ணி. அதன் தாடையில் பற்கள் இல்லை. தொண்டையில் உள்ள பற்களாலேயே புல்லையும் கீரையையும் அரைக்கும். அரைகுறையாகச் செரித்து அது வெளியேற்றும் கழிவு குளத்து நீருக்கு உரமாகும். அவ்வுரத்தில் பெருகும் நுண்ணுயிர்களை வெள்ளிக் கெண்டையும் பெருந்தலைக் கெண்டையும் உண்ணும். தோட்டத்தில் கழித்துப் போட்ட இலை இவ்வாறு மூன்று மீன்களுக்கு உணவாயிற்று!

இம்மீன்களைச் சீனக் குடியேறிகள் மலாயாவுக்கும் கொண்டு வந்தனர். இங்குள்ள குளங்களில் அவை தாமாக இனம் பெருக்கா. ஆகவே குஞ்சுகள் சீனாவிலிருந்தே தருவிக்கப்பட்டன. மரவள்ளி இலையும் புல்லும் அவற்றின் உணவாயின. 1957-இல் மலாக்கா, பத்து பெரெண்டாமில் தொடங்கப்பெற்ற மீன் வளர்ப்பு ஆய்வு நிலையத்தில் புல் கெண்டையின் வளர்ச்சியும் ஆராயப்பட்டது.

கண்ணாடித் தொட்டியின் கதை வேறு. அங்கே தாவரம் முதலில் உணவாக வரவில்லை; மூச்சாக வந்தது. 1850-இல் இலண்டனைச் சேர்ந்த வேதியியலாளர் இராபர்ட் வாரிங்டன், பொன்மீன், நீர்த்தாவரம், நத்தை ஆகியவற்றை ஒரே தொட்டியில் வாழவைத்த தம் சோதனையை வெளியிட்டார். தாவரம் உயிர்வளி தந்தது. அழுகிய இலையை நத்தை தின்றது. 1853-இல் இலண்டன் விலங்குக் காட்சியகத்தில் மீன் இல்லம் திறக்கப்பட்டது. அதன்பின் மீன் தொட்டி வீடுகளுக்குள் புகுந்தது.

சரி, வீட்டு மீனுக்குக் காய்கறியை எப்படிக் கொடுப்பது? கீரையைக் கொதிநீரில் ஓரிரு நிமிடம் இட்டு, குளிர்ந்த நீரில் ஆற்றவும். உப்பு கூடாது. பட்டாணியை வேகவைத்துத் தோலை நீக்கி நசுக்கவும். வெள்ளரித் துண்டு மிதக்கும். கல்லில் கட்டி இறக்கவும். பொன்மீனுக்கு இரைப்பையே இல்லை. ஆகவே சிறிது சிறிதாகத்தான் கொடுக்க வேண்டும். எஞ்சியதை அன்றே எடுத்துவிடுங்கள். அழுகினால் நீரில் அம்மோனியா கூடும், உயிர்வளி குறையும்.

இவை அனைத்தினும் முதன்மையானது, கழுவுதல். ரிங்லெட்டில் வாழும் நமக்கு இது வெறும் சமையற் குறிப்பன்று. 1885-இல் வில்லியம் கேமரன் அளந்து சென்ற இம்மலையில், 1929-இல் தோற்றுவிக்கப்பட்ட போ தேயிலைத் தோட்டத்தில் நம் மக்கள் உழைத்தனர். தேயிலையோடு காய்கறித் தோட்டங்களும் மலைச்சரிவுகளில் பெருகின, பூச்சிக்கொல்லியும் பெருகியது. எண்டோசல்பான் போன்ற நஞ்சு மிகச் சிறிய அளவிலேயே மீனைக் கொல்லும். 2011-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை அதனை விலக்க வேண்டிய நஞ்சுகளின் பட்டியலில் சேர்த்தது. இன்றும் பயன்படும் பைரித்திராய்டு வகை மருந்துகளும் மீன்களுக்குக் கொடியவையே. சில மருந்துகள் இலைக்குள்ளேயே ஊறிவிடும். அவை கழுவினாலும் போகா. எனவே, மருந்தடிக்காத வீட்டுத் தோட்டக் கீரையே மீனுக்கு நல்லது.

மரமிழந்த சரிவுகளின் மண்ணும் மழையில் கரைந்து, 1963-இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணையின் ரிங்லெட் ஏரியில் படிகிறது. 2013 அக்டோபரில் அவ்வணை நீர் திறக்கப்பட்டபோது பெர்தாம் பள்ளத்தாக்கில் உயிர்கள் பலியானதை நாம் மறக்கவியலாது.

இன்னொன்று. காய்கறியை விரும்பித் தின்னும் 'இக்கான் பண்டாராயா' தென் அமெரிக்க மீன். வளர்ந்து பெரிதானதும் தொட்டியிலிருந்து ஆற்றில் விடப்பட்டு, இன்று சிலாங்கூர் ஆறுகளில் பெருகி நம் மீன்களை நெருக்குகிறது. நம் பிள்ளைகள் அதனை ஏரியிலோ ஆற்றிலோ விடாதிருக்க நாமே சொல்லித்தர வேண்டும்.

நம் பிள்ளைகள் மீனுக்கென ஓர் இலையைக் கழுவும்போது, "இதை நாமும் தின்கிறோமே?" என்று கேட்பார்கள். அக்கேள்வியைத் தட்டிக்கழிக்காமல் விடை கூறுவோம்.