இரும்புப் படிகள் சொல்லும் வரலாறு

ஆல்ப்ஸ் மலைத்தொடரில் செங்குத்தான பாறைச் சுவர்கள் பல உள. கால் ஊன்ற இடமில்லாத அச்சுவர்களில் இரும்பு முளைகளும், கம்பிப் படிகளும், எஃகு வடங்களும் பொருத்தப்பட்டிருக்கின்றன. இத்தகைய வழியை இத்தாலியர் 'வியா ஃபெராட்டா' என்பர். இரும்புப் பாதை என்பது அதன் பொருள். இப்பாதைகள் எதற்காகத் தோன்றின? இவற்றில் ஏறுவோர் எவ்வாறு ஆயத்தமாக வேண்டும்?

ஏணி கொண்டு மலையேறும் முயற்சி பழமையானது. 1492ஆம் ஆண்டில், பிரெஞ்சு மன்னர் எட்டாம் சார்லசின் ஆணைப்படி, அந்துவான் த வீல் என்பவர் ஏணிகளையும் கயிறுகளையும் கொண்டு மோன் எகுய் என்னும் பாறைமலையின் உச்சியை அடைந்தார். கொலம்பஸ் மேற்குக் கடலைக் கடந்ததும் அதே ஆண்டில்தான். ஆயினும், பின்வருவோருக்கும் பயன்படுமாறு பாறையிலேயே இரும்பை நிலைநிறுத்தும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டில்தான் வேரூன்றியது. ஆஸ்திரியப் பூகோள அறிஞர் பிரெடரிக் சீமோனி, 2,995 மீட்டர் உயரமுள்ள டாக்ஸ்டைன் சிகரத்தில் 1843இல் முளைகளையும் கைப்பிடிகளையும் கயிற்றையும் பொருத்தச் செய்தார். அம்மலையையும் அதன் பனியாறுகளையும் ஆராய்வதிலேயே அவர் வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்தது.

அறிவுக்குத் துணை நின்ற இரும்பு, அடுத்த நூற்றாண்டில் போருக்கும் பணி செய்ய நேர்ந்தது. 1915 மே மாதத்தில் ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசின்மீது இத்தாலி போர் தொடுத்தது. டோலமைட் மலைகள் போர்முனையாயின. உணவையும் வெடிமருந்தையும் முதுகில் சுமந்து முகடுகளுக்கு ஏறுவதற்காக, இரு தரப்பு வீரர்களும் பாறைகளில் ஏணிகளையும் கயிறுகளையும் பொருத்தினர். குண்டுக்குத் தப்பியவரையும் பனி விடவில்லை. 1916 டிசம்பர் 13ஆம் நாள் மார்மொலாடா மலையில் சரிந்த பனி, பாசறையில் இருந்த இருநூறுக்கும் மேற்பட்ட வீரர்களை மூடிவிட்டது. போர் ஓய்ந்தபின், அவ்வழிகளுட் பல செப்பனிடப்பட்டு, மலையில் உலவ வருவோரின் பாதைகளாயின.

இனி, ஆயத்தத்தைக் காண்போம். இரும்பு இருக்கிறது என்பதால் ஆபத்து இல்லை என்று கருதுவது பிழை. வடத்தில் தம்மைப் பிணைத்துக்கொண்டு ஏறுபவர் கை தவறினால், கீழேயுள்ள முளை வரை சறுக்கி வந்து, அங்கே திடீரென நிறுத்தப்படுவார். அவ்வதிர்ச்சியைச் சாதாரணக் கயிறும் தாங்காது. மனித உடலும் தாங்காது. ஆகவே, வார்க்கச்சையோடு, அதிர்ச்சியைச் சிறிது சிறிதாக வாங்கிக்கொள்ளும் கருவியும், அதில் இரண்டு கொக்கிகளும் இன்றியமையாதவை. முளையைக் கடக்கும்போது ஒன்றை மாற்றி மாட்டும் வரை மற்றொன்று வடத்திலேயே இருத்தல் வேண்டும். கருவியும் தேயும். 2012இல் ஆஸ்திரியாவில் நிகழ்ந்த ஒரு மரணத்திற்குப் பின்னர், தயாரிப்பாளர் பலர் தம் கருவிகளைத் திரும்பப் பெற்றனர். தலைக்கவசம் உருண்டுவரும் கல்லிலிருந்து காக்கும். இடியும் மின்னலும் பெரும்பாலும் பிற்பகலில் வருவதால், விடியலிலேயே புறப்படுதல் நன்று. இரும்பு மின்னலுக்கும் வழியாகும்.

மாணவர்களே, ஒரு படியில் கால் வைக்கும்போது, அதனை அங்கே பதித்த கைகளை நாம் நம்புகிறோம். அந்நம்பிக்கைக்கு நாம் செலுத்தும் கடன் ஒன்றே: நம் பங்குக்குரிய கவனம். வானிலை மாறினால் பாதி வழியிலேயே திரும்புவதும் அக்கவனத்தின் பகுதியே.