முதியோர் புற்றுநோய் மீட்சி: உடற்பயிற்சியும் உணவும்

புற்றுநோய்ச் சிகிச்சையை முடித்த முதியோர் உடல் வலுவை மீட்க மேற்கொள்ளும் பயிற்சியும் உணவுமுறையும் மீட்சிப் பராமரிப்பின் முக்கியப் பகுதிகள். மூப்பில் தசை தேய்வது இயல்பு. கீமோதெரபியும் நெடுநாள் படுக்கையும் பசியின்மையும் அத்தேய்வை விரைவுபடுத்துகின்றன. ஆகவே முழு ஓய்வும் கடும் பத்தியமும் பலருக்கு நன்மையைவிடத் தீமையே செய்கின்றன.

சான்றுகள்

கனடா, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளில் 65 வயதைக் கடந்த 641 பேரிடம் நடந்த ரினியூ ஆய்வு 2009இல் வெளியானது. தொலைபேசி ஆலோசனையுடன் வீட்டிலேயே பயிற்சியும் உணவு மாற்றமும் மேற்கொண்டோருக்கு உடலியக்கம் குறைவது மெதுவானது. பெருங்குடல் புற்றுநோயாளிகள் 889 பேர் பங்கேற்ற சேலஞ்ச் ஆய்வில் (2025), ஐந்தாண்டுக்குப் பின் நோய் திரும்பாமல் வாழ்ந்தோர் பயிற்சிக் குழுவில் 80.3 விழுக்காடு, நலக் கையேடு மட்டும் பெற்றோரில் 73.9 விழுக்காடு.

உடற்பயிற்சி

வாரம் மூன்று நாள் 30 நிமிட நடை, இரண்டு நாள் தசைப்பயிற்சி என்பது 2019இல் பன்னாட்டு வல்லுநர்கள் வகுத்த அளவு. தொடக்கத்தில் பத்து நிமிட நடையும் நாற்காலியில் உட்கார்ந்தெழுதலும் போதும். எலும்பில் நோய் பரவியவர்களும் பாதம் மரத்தவர்களும் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். காய்ச்சல், நெஞ்சுவலி, தலைச்சுற்றல் இருந்தால் பயிற்சி கூடாது.

உணவு

மலேசியச் சுகாதார அமைச்சின் 'சுக்கு-சுக்கு செபாரோ' முறையில் தட்டில் பாதி காய்கனி, கால்பங்கு சோறு, கால்பங்கு புரதம். ஐரோப்பிய வழிகாட்டி புற்றுநோயாளிகளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.5 கிராம் வரை நாள்தோறும் புரதம் பரிந்துரைக்கிறது. சிறுநீரக நோயாளிகளுக்கு இந்த அளவு பொருந்தாமல் போகலாம். மீன், முட்டை, பருப்பு, தௌபு, தெம்பே ஆகியவை எளிதில் கிடைப்பவை. ரொட்டி சானாயும் தே தாரேக்குமாகப் பசியாறினால் மாவும் இனிப்பும் மிகும், புரதம் குறையும்.

பராமரிப்பாளர்

நோயாளியைக் கவனிக்கும் துணைவரும் பெரும்பாலும் முதியவரே. இருவரும் சேர்ந்து நடந்து, ஒரே சமையலை உண்டால் பழக்கம் நிலைக்கும். பராமரிப்பாளர் தம் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரை அளவையும் பரிசோதிக்கத் தவறக்கூடாது.

புக்கிட் தெங்காவில்

பினாங்கின் பெருநிலப்பகுதியான செபராங் பிறையில் உள்ள புக்கிட் தெங்காவுக்கு புக்கிட் மெர்தாஜாம், செபராங் ஜெயா அரசு மருத்துவமனைகள் அருகில் உள்ளன. பினாங்குத் தீவிலுள்ள மவுண்ட் மிரியம் புற்றுநோய் மருத்துவமனை 1976 முதல் இயங்குகிறது. நடையர்கள் நாடும் செரோக் தொக்குன் மலைப்பாதை ஏற்றம் மிக்கது. சிகிச்சை முடிந்த புதிதில், வெயில் ஏறுமுன் சமதளத்தில் நடப்பதே பாதுகாப்பானது.